கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

காயடித்த மாடு

டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயர் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, அதன் குணம் தஞ்சை வட்டாரத்து விவசாயிக்குத் தெரியும். காளைக்கன்று வளர்த்தவர் யாருக்கும் தெரியும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி என்று ஓர் ஊர். டெல்டாவின் உழவு மாட்டுக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. குட்டைக் கால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, முழங்கால் சேற்றில் சளைக்காமல் நடக்கும் உடம்பு. கன்று வளர்ந்து துள்ளத் தொடங்கியதும் காயடிப்பார்கள். பழைய நாளில் விதைக்குப் போகும் நாளத்தைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினார்கள். பிற்பாடு கால்நடை மருத்துவமனைகளில் பர்டிசோ இடுக்கி வந்தது. தோல் கிழியாது. உள்ளே ரத்தக்குழாய் மட்டும் நசுங்கும். சில வாரங்களில் விதை சுருங்கிப்போகும்.

அதன்பின் அந்த மாடு வேறு மாடு. பசுவின் வாடை பட்டால் கயிற்றை அறுக்காது. முட்ட வராது. கழுத்து பருக்காது, சின்ன வயதிலேயே காயடித்தால் திமிலும் ஏறாது. காங்கேயம் மாட்டில் நிறத்திலேயே வித்தியாசம் தெரியும். பொலிகாளைக்குத் திமிலும் முன்பாகமும் பின்பாகமும் கறுத்திருக்கும். காயடித்த எருது சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். திருக்கானூர்ப்பட்டி ஜல்லிக்கட்டு வாடிவாசலில் அவிழ்க்கும் காளையையும், வண்டியில் பூட்டிய எருதையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே ஒரு ஹார்மோன் செய்யும் வேலை கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காயடித்த எருது சோம்பேறி அல்ல. விடிந்ததிலிருந்து ஏர் இழுக்கும். நெல் மூட்டை ஏற்றிய வண்டியை மைல் கணக்கில் இழுக்கும். “களைப்பாக இருக்கிறதா? ஆண் ஹார்மோன் குறைவுதான்” என்று விளம்பரங்கள் போடும் கணக்கு அவ்வளவு நேரானதல்ல என்பதற்கு அந்த மாடே சாட்சி. இந்த அத்தியாயம் முழுக்க அந்த எருதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அரிசி மணிக்கும் குறைவு

விவசாயிக்குத் தெரிந்ததை ஆய்வுக்கூடத்தில் முதலில் காட்டியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து அர்னால்ட் பெர்தோல்ட். ஆண்டு 1849. ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். விதை முழுவதும் நீக்கப்பட்டவற்றுக்குக் கொண்டை வாடியது, கூவலும் சண்டையும் போயின. மற்றவற்றில் விதையை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருந்தும் அந்தக் குஞ்சுகள் கொண்டை சிவந்து, கூவி, சண்டையிட்டு, முழுச் சேவலாயின. அப்படியானால் விதை தன் செய்தியை நரம்பு வழியாக அனுப்பவில்லை, ரத்தத்தில் எதையோ கலந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது.

அந்த ‘எதையோ’ கையில் பிடிக்க இன்னும் 86 ஆண்டுகள் ஆயின. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு சுமார் 100 கிலோ காளை விதைகளை அரைத்து, வடித்து, பிரித்து, 10 மில்லிகிராம் படிகத்தை எடுத்தது. அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. அதே 1935-இல் அடால்ஃப் பூட்டனான்ட்டும் லியோபோல்ட் ருஸிக்காவும் தனித்தனியாக அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939-இன் வேதியியல் நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் போனது.

பத்து மில்லிகிராம் என்பது ஒரு அரிசி மணியின் எடைகூட இல்லை. உடம்புக்குள் இருப்பதோ அதைவிடச் சொற்பம். அரிசி மணி ஒன்று 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு, அதை ஆயிரம் துண்டாக நறுக்க முடிந்தால், அதில் ஒரு துண்டளவுதான் ஆரோக்கியமான இளைஞன் ஒருவனின் ரத்தநீர் முழுவதிலும் ஒரு நேரத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன். குரல் உடைவதும் மீசை முளைப்பதும் எலும்பு இறுகுவதும் இந்தத் துகளால்தான்.

இவ்வளவு நுண்ணிய அளவை ரத்தத்தில் அளக்க வழி கிடைத்தது ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தைக் கொண்டு ஹார்மோன்களை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான். யாலோவுக்கு 1977-இல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். இன்று கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் ரிப்போர்ட் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அளப்பது எளிதாகிவிட்டது, அளந்ததைப் புரிந்துகொள்வது அவ்வளவு எளிதாகவில்லை.

மேட்டூர், கல்லணை, வயல்

உடம்பில் இந்த ஹார்மோன் சுரக்கும் ஏற்பாட்டை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். காவிரிப் பாசனத்தைத் தெரிந்தவருக்கு இது பாதி தெரிந்த கதை.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸை மேட்டூர் என்று கொள்ளுங்கள். உத்தரவு அங்கிருந்துதான் இறங்குகிறது, ஜி.என்.ஆர்.எச். என்பது அதன் பெயர். அதற்குச் சற்றுக் கீழே, பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிதான் கல்லணை. மேட்டூர்த் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிவதுபோல, மூளையின் உத்தரவு இங்கே இரண்டாகப் பிரிகிறது. எல்.எச். விதையிலுள்ள லேடிக் செல்களுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணு விளைச்சலைப் பார்த்துக்கொள்கிறது. விதைதான் வயல்.

மூளை இந்த உத்தரவை ஓயாமல் அனுப்புவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, விட்டு விட்டு அனுப்புகிறது. அதாவது முறைப்பாசனம். இடைவெளியே இல்லாமல் ஜி.என்.ஆர்.எச். தூண்டல் வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி மரத்துப்போய்க் கதவை மூடிவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனை வற்றச்செய்ய மருத்துவர்கள் இந்த வித்தையையே பயன்படுத்துகிறார்கள்.

கீழிருந்து மேலே போகும் தகவலும் உண்டு. டெல்டாவில் மழை கொட்டினால் மேட்டூரில் திறப்பைக் குறைப்பார்கள் அல்லவா? ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருப்பதை உணர்ந்தால் மூளையும் உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஒரு விதியை மறந்தவர்கள் படும் பாட்டைப் பின்னால் பார்ப்போம்.

உடம்பு காட்டும் அடையாளம்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையமே நடத்தினார். கண் நோயாளிகளின் நிலையை ஓவியத்தோடு குறித்துவைத்த ஏடுகள் அவர் காலத்தவை. சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அந்த மருத்துவர்களிடம் ரத்தப் பரிசோதனை கிடையாது. கண்ணால் கண்டதையும் நோயாளி சொன்னதையும் வைத்தே நோயை எடைபோட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் இன்றும் முதல் வேலை அதுதான்.

குறைபாடு எந்த வயதில் வருகிறது என்பதைப் பொறுத்து அடையாளம் மாறும். பருவத்துக்கு முன்பே குறைந்தால், பருவமே வராது. பழைய நாடகக் கம்பெனிகளில் பையன்களுக்குக் குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். ஸ்திரீபார்ட் போட்ட பையன்களுக்கு மகரக்கட்டு என்றால் கிலி, பிழைப்பே போய்விடும். அந்த மகரக்கட்டு ஒருவனுக்கு வரவே இல்லை என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். பதினான்கு வயதாகியும் விதை வளரத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை அளக்க ஒரு எளிய கருவி இருக்கிறது. 1 மில்லி லிட்டரிலிருந்து 25 மில்லி லிட்டர் வரை, சின்னதிலிருந்து பெரிதாகப் பன்னிரண்டு மணிகளைக் கோத்த கயிறு. சூரிச் நகரத்து மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1966-இல் அமைத்தது. ஒரு கையில் மணி, மறு கையில் பையனின் விதை. தொட்டு ஒப்பிட வேண்டியதுதான். 4 மில்லி லிட்டர் மணியை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பருவம் வராத பையனிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி பலருக்கு விசித்திரமாகத் தோன்றும்: “மல்லிகைப்பூ வாசம் தெரிகிறதா, தம்பி?” கால்மன் கோளாறு உள்ளவர்களுக்கு வாசனை நரம்பும் ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் செல்களும் கருவிலேயே சேர்ந்து தடம் மாறியிருக்கும். பில்டர் காபியின் மணம்கூடத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இது கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சை உண்டு. குழந்தை பெறும் வாய்ப்பையும் பலருக்கு மீட்டுத்தர முடியும்.

பருவம் கடந்து, ஆளான பிறகு குறைந்தால் அடையாளம் மெதுவாக வரும். உடைந்த குரல் திரும்பிப் போகாது. ஆனால் நாள்தோறும் சவரம் செய்தவர் வாரம் ஒரு முறை செய்தால் போதும் என்ற நிலைக்கு வருவார். அக்குள் முடி உதிரும். மார்பு லேசாகத் தடித்து, தொட்டால் வலிக்கும். விதை சிறுத்து மென்மையாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் அனலடித்து வியர்க்கும். காரணம் தெரியாத ரத்தசோகை வரும். சின்னதாக விழுந்ததற்கே எலும்பு முறியும். எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று அடையாளங்கள்: விடிகாலை விறைப்பு நின்றுபோவது, உறவில் நாட்டமே எழாமல்போவது, விறைப்புக் குறைவது.

இவை மூன்றும் ஏன் முக்கியம் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு பதில் தருகிறது. எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களிடம் முப்பதுக்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கேட்டார்கள், ரத்தத்தையும் அளந்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோனோடு சேர்ந்து உறுதியாக நகர்ந்தவை இந்த மூன்று பாலியல் அறிகுறிகள்தான். களைப்பு, மனச்சோர்வு, தூக்கமின்மை, மறதி ஆகியவற்றின் தொடர்பு பலவீனமாக இருந்தது. மூன்று அறிகுறிகளும் குறைந்த எண்ணும் ஒருசேர இருந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தபோது, அவர்கள் மொத்தத்தில் 2.1 சதவீதமே. நாற்பதுகளில் இருந்தவர்களில் 0.1 சதவீதம், எழுபதுகளில் 5.1 சதவீதம். விளம்பரங்களைப் பார்த்தால் தெருவுக்குப் பாதிப் பேருக்கு இந்தக் குறை என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பேர்.

தமிழில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ‘ஆண்மைக் குறைவு’ என்ற ஒரே சொல்லில் நாட்டமின்மை, விறைப்பின்மை, பிள்ளையின்மை மூன்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். போதாததற்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்றும் சொல்லிக்கொள்கிறோம். இவை வெவ்வேறு கோளாறுகள். ஐம்பது வயதுக்காரருக்கு விறைப்புக் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹார்மோன் அல்ல, ரத்தக்குழாய். சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி சிகரெட் ஆகியவை முதலில் சிறிய குழாய்களைக் கெடுக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து இதயத்தின் குழாய்களுக்கு வருகின்றன. லேகியம் தேடிப் போகிறவர் முதலில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்வது உயிரைக் காப்பாற்றும் காரியம்.

ரத்தம் எடுத்த நேரம்

இப்போது ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுப்போம். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 48. சர்க்கரை நோய் ஆறு ஆண்டாக இருக்கிறது. குறுவை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழைக்குத் தார்ப்பாய் போர்த்திக் காவல் இருந்ததில் நாலைந்து இரவு சரியான தூக்கம் இல்லை. அலுப்பு தீரவில்லை. பட்டுக்கோட்டைக்கு வேறு வேலையாகப் போனவர், மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு லேபில் ‘முழு உடல் பரிசோதனை’க்கு ரத்தம் கொடுக்கிறார். அந்தப் பட்டியலில் டெஸ்டோஸ்டிரோனும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் 248. பக்கத்தில் இயல்பு அளவு 264 முதல் 916 என்று இருக்கிறது. 248-ஐத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இவருக்குக் குறைபாடு இருக்கிறதா? இந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அதில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை நேரம். டெஸ்டோஸ்டிரோன் விடிகாலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கும். இளைஞர்களிடம் இந்த இறக்கம் கால் பங்குக்கு மேலும் போகலாம், வயதானவர்களிடம் குறைவு. அதனால் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்குக் கணக்கு வேறு: அவர் தூங்கி எழுந்தபின் எடுக்க வேண்டும்.

இரண்டாவது சாப்பாடு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தாலே இரண்டு மணி நேரத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ கால் பங்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாழை இலைச் சோற்றில் அதற்கு மேலேயே மாவுச்சத்து இருக்கும். வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம்; சர்க்கரை போட்ட காபி ஆகாது.

மூன்றாவது தூக்கம். 2011-இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. நெல் குவியலுக்குக் காவல் இருந்தவருக்கு ஐந்து மணி நேரம்கூடக் கிடைத்திருக்காது. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும் எண் தற்காலிகமாக விழும். உடம்பு தேறிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஒரே ஒரு முறை பார்த்தது. முதல் பரிசோதனையில் குறைவாக வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மறுமுறை இயல்பாக வந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டி, வேறு வேறு நாளில், காலையில், வெறும் வயிற்றில் இரண்டு முறை குறைவாக இருக்க வேண்டும்; கூடவே அறிகுறியும் இருக்க வேண்டும் என்கிறது. பொதுவாக 300-க்குக் கீழே என்றால் மருத்துவர்கள் உற்றுப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அலகையும் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று போடும் லேப் 420 என்று எழுதும். மில்லி லிட்டருக்கு நானோகிராம் என்று போடும் லேப் அதையே 4.2 என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். 4.2-ஐப் பார்த்து மனமுடைய வேண்டியதில்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் புகுந்து, இல்லாத டெஸ்டோஸ்டிரோனை இருப்பதாகக் காட்டிவிடும்.

நம் விவசாயி பத்து நாள் நன்றாகத் தூங்கி, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் போய் மறுபடி ரத்தம் கொடுக்கிறார். 352. விடிகாலை விறைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் கேட்கிறார், இருக்கிறது. இவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு இல்லை. சர்க்கரை மட்டும் கட்டுப்பாட்டில் இல்லை.

அணையில் இருப்பதும் வயலுக்கு வருவதும்

மேட்டூரில் 120 அடி முட்ட நிரம்பினால் செய்தித்தாளில் படம் வரும். பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கடைமடை விவசாயி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார். தன் மடைக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார்.

ரத்தத்திலும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் வரும் ‘மொத்த டெஸ்டோஸ்டிரோன்’ பெரும்பாலும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது. எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அல்புமின் தளர்வாகப் பிடிக்கும். எதோடும் ஒட்டாமல் செல்லுக்குள் போகத் தயாராக இருப்பது சுமார் 2 சதவீதம் மட்டுமே. இதைத் தனி டெஸ்டோஸ்டிரோன் என்று சொல்லலாம். தொப்பையும் சர்க்கரையும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும். அப்போது மொத்தம் குறைந்து தெரியும்; தனி அளவு போதுமானதாகவே இருக்கலாம். முதுமை, கல்லீரல் நோய், தைராய்டு மிகுதி ஆகியவை எஸ்.எச்.பி.ஜி.யைக் கூட்டும். அப்போது அணை நிரம்பியிருக்கும், கடைமடை காய்ந்திருக்கும். மொத்த அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் மருத்துவர் எஸ்.எச்.பி.ஜி.யும் அல்புமினும் பார்த்துக் கணக்குப் போடுவது இதற்காகத்தான்.

குறைபாடு உறுதி என்றால் அடுத்த கேள்வி, எங்கே அடைப்பு? வயலில் தண்ணீர் இல்லை என்றால் விவசாயி வாய்க்காலோடு மேலே நடந்துபோய் மதகைப் பார்ப்பார். மருத்துவர் எல்.எச். அளவைப் பார்க்கிறார். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். எகிறியிருந்தால், மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, வயல்தான் வாங்கவில்லை. கோளாறு விதையில். கிளைன்ஃபெல்டர் நிலை இப்படிப்பட்டது. ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறந்த ஆண்கள் இவர்கள். ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவர். பெரும்பாலானோருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. தெரியவந்தால், கல்யாணமாகி ஓரிரு ஆண்டு குழந்தை இல்லை என்று மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, கடைசியாகக் கணவரை அழைத்துவரச் சொல்லும்போது தெரியவரும். அவர் உயரமாக இருப்பார். விதை இரண்டும் கல்போல் சிறுத்திருக்கும். அந்த மணிக்கயிறு இருந்திருந்தால் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பருவ வயதுக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்து விதைக்குப் பரவியவர்கள், விதை இறங்காமலே வளர்ந்தவர்கள், புற்றுநோய்க்குக் கதிர் வைத்துக்கொண்டவர்கள் ஆகியோரும் இந்த வகையில் வரலாம்.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்க, எல்.எச்.சும் குறைந்தோ அல்லது ‘இயல்பாக’வோ இருந்தால் கோளாறு மேலே. வயல் வெடித்துக் கிடக்கும்போது, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஷட்டரை வழக்கம்போல ஒரு சாண்தான் தூக்கியிருக்கிறார் என்றால் அது இயல்பு ஆகாது. பிட்யூட்டரிக் கட்டி, தலைக்காயம், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட தலசீமியாவில் படியும் இரும்பு, நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, அபின் வகை வலி மருந்து ஆகியவை காரணமாகலாம். ஓயாத தலைவலியும், வண்டி ஓட்டும்போது இரண்டு ஓரத்திலும் வருகிறவர்கள் கண்ணில் படாமல்போவதும் சேர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. புரோலாக்டின் பரிசோதனையும் ஸ்கேனும் உடனே வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் மேலிருந்து வரும் தடைக்கு மிகப் பரவலான காரணம் இவை எதுவும் அல்ல, தொப்பையும் சர்க்கரையும்தான். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் சந்தீப் திண்ட்சாவும் பரேஷ் தண்டோனாவும் 2004-இல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களைப் பரிசோதித்தார்கள்; மூன்றில் ஒருவருக்குத் தனி டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. எல்.எச். உயரவில்லை. விதை நன்றாகத்தான் இருந்தது. மேலே ஷட்டர் பாதி மூடியிருந்தது. இந்த ஷட்டர் பெரும்பாலும் திரும்பத் திறக்கும். எடை குறையக் குறைய டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. மூன்று வேளையும் சோறு என்பது நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த உடம்புக்கு ஏற்ற சாப்பாடு. இப்போது நடவுக்கு யந்திரம், அறுவடைக்கு யந்திரம், வயலுக்குப் போக பைக். வேலை மாறிவிட்டது, சோற்றின் அளவு மாறவில்லை.

ஊசி யாருக்கு?

உண்மையான குறைபாடு உள்ளவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை வரம். பருவம் வராத பையனுக்கு மீசையும் எலும்பு வலுவும் தன்னம்பிக்கையும் வரும். ஊசியாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. தொடங்கும் முன் புராஸ்டேட்டையும் ரத்த அடர்த்தியையும் பார்க்க வேண்டும். தொடங்கிய பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பணு மிஞ்சி, ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். 2023-இல் முடிவு வந்த டிராவர்ஸ் ஆய்வில், இதயநோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்புள்ள, அறிகுறியும் இருமுறை குறைந்த எண்ணும் கொண்ட 5,200 ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லையோ போலி ஜெல்லையோ கொடுத்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாகத் தெரிந்தன. எலும்பு வலுவாகி முறிவு குறையும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. முறிவு கொஞ்சம் கூடவே செய்தது.

முன்பு சொன்ன விதி இங்கேதான் கடிக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், டெல்டாவில் மழை என்று மேட்டூரை மூடுவதுபோல மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விதை சுருங்கும். விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். ஆண் கருத்தடையாக இதைப் பல நாடுகளில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளை வேண்டும் என்று போகிறவருக்கு ‘ஆண்மை ஊசி’ போடும் கொடுமை நடக்கிறது. ஜிம்மில் புஜம் ஏற்ற ஊசி போட்டுக்கொள்ளும் பையனுக்கும் இதே கதிதான். ஊசியை நிறுத்திய பிறகு மூளை மறுபடி ஷட்டரைத் தூக்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள்.

பேருந்து நிலையத்துச் சுவர்களில் இன்னும் ஒட்டுகிறார்கள்: மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இழந்த ஆண்மையை மீட்கலாம். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. அந்த லாட்ஜ் அறையில் யாரும் விதையைத் தொட்டுப் பார்ப்பதில்லை, காலையில் ரத்தம் எடுப்பதில்லை, எல்.எச். என்ன என்று கேட்பதில்லை. கூச்சப்படுகிறவரின் பயத்தை மட்டும் சரியாக அளந்துவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை அப்புறம் பாருங்கள். அதற்கு மேலே, சின்ன எழுத்தில், ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். காலை பத்து மணியைத் தாண்டியிருந்தாலோ, சாப்பிட்டுவிட்டுக் கொடுத்திருந்தாலோ, அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த இன்னொரு காலையில் மறுபடி போய்க் கொடுங்கள்.